சிரித்த பழத்துக்கு இரண்டாவது சாட்சி

கிரான்குளம்,
24.05.2010, திங்கட்கிழமை.

அன்பு மிக்க நண்பர் சாலிஹ் அவர்களுக்கு,

இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு முதலாவது வெள்ளரிப் பழம் சிரித்தது. தகவல் தந்தவர் என் மனைவி அன்னப்பூரணி. வேலியடியில் நின்று அவள் கூப்பிட்டதும் நான் எழுந்து போய், ஐந்து நிமிடத்துக்குள் என் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்துகொண்டேன். காம்படியிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தோல் பிளந்து உள்ளே வெள்ளை மா தெரிந்தது. வாசம் கிணற்றுத் துரவு வரைக்கும் வந்தது. பழத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வாழைநார் அறவில்லை. ஆகவே பழம் சிதறாமல் முழுதாகக் கைக்கு வந்தது.

செய்தியை முதலில் எழுதிவிட்டு நலம் விசாரிப்பது முறையில்லைதான். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தவனின் பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருவரும் நலம். என் சீனி வருத்தம் அப்படியேதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்கள் மகள் ஷாகிராவும் நலம். நேற்று மாலை அவவும் மருமகன் அக்ரமும் இங்கே வந்து போனார்கள். விடுமுறை முடிந்து அக்ரம் புதன்கிழமை டோஹாவுக்குத் திரும்புகிறார். அவர் கையில்தான் இக்கடிதம் வருகிறது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீங்கள் எல்லாவற்றுக்கும் "சரி மூர்த்தி, சரி மூர்த்தி" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

பங்குனியில் தொலைபேசியில் நான் சொன்னதில் ஒரு பிழை இருந்தது. அதைத் திருத்திவிட்டு மேலே போகிறேன். பதினொரு விதை முளைத்தது என்று சொன்னேன். சரியான எண்ணிக்கை ஒன்பது. மற்ற இரண்டும் தானாக முளைத்த பூசணி. அந்த ஒன்பதில் இரண்டைச் சிவப்பு வண்டு தின்றது. ஒன்றை அடுத்த வளவு நல்லரத்தினத்தின் ஆடு தின்றது. நல்லரத்தினம் இதை மறுக்கிறார். ஆடு அன்று முழுக்கக் கட்டையில் கட்டிக் கிடந்தது என்கிறார். வரம்பில் இருந்த காலடி ஆட்டினுடையது என்பது மட்டும் எனக்குத் தெரியும். மிச்சம் ஆறு கொடி. ஆறு கொடியிலும் பதினேழு காய்.

எண்ணப் போன முதல் நாள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பிஞ்சை நோக்கிச் சுட்டுவிரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று தொடங்கினேன். அன்னப்பூரணி பாய்ந்து வந்து கையைத் தட்டிவிட்டாள். "என்ன கா இது, பேப்பருக்கு எழுதுற மனிசனுக்கு இதும் தெரியாதா? விரல் நீட்டினா பிஞ்சு அழுகிப் போகும்!" அதற்குப் பிறகு விரலை மடக்கிக்கொண்டு முட்டியால் எண்ணுகிறேன். ஒரு பிஞ்சும் அழுகவில்லை. இதை வைத்து அவள் சொன்னது உண்மை என்று எழுத மாட்டேன். மறுத்து எழுதவும் துணிவில்லை.

இனி விதை கிடைத்த கதை. தொலைபேசியில் அரைகுறையாகத்தான் சொன்னேன்.

கடல் வந்த வருடம் இந்த வளவில் என்ன மிஞ்சியது என்பது உங்களுக்குத் தெரியும். குசினிச் சுவரில் அன்னப்பூரணி எருவுக்குள் விதையைப் பொதிந்து அப்பி வைத்திருந்த வறட்டிகள் சுவரோடு போய்விட்டன. துரவு உப்பாகிவிட்டது. மூன்று மாரி பெய்து கழுவிய பிறகுதான் கீரை முளைத்தது. பிறகு கடையில் வாங்கிய கொம்பனி விதையைப் போட்டோம். காய் நன்றாகத்தான் வந்தது. ஆனால் பழுத்தும் வெடிக்காது, கத்தியால் வெட்ட வேண்டும். அன்னப்பூரணி ஒரு துண்டைத் தின்று பார்த்துவிட்டு, இது கறிக்கு நல்லம் என்று சொல்லிவிட்டாள். எங்கட வெள்ளரி இனி இல்லை என்று அப்போது எல்லோரும் முடிவு கட்டினோம். நீங்களும்தான். 2005 மாசியில், முகாமில், நான் உங்களிடம் நேராகவே கேட்டேன். அன்னப்பூரணி 2004 வைகாசியில் உங்கள் மனைவி ஆயிஷா உம்மாவிடம் ஒரு வறட்டி கொடுத்தாளே, அதில் மிச்சம் ஏதும் உண்டா என்று. அது அப்பவே எரிஞ்சு போய்ச்சு என்றீர்கள். நான் அதை எழுதிக்கொண்டேன், மேலே விசாரிக்கவில்லை. அந்தத் தகவல் பாதிதான் சரி என்பது ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது.

எரிந்தது உண்மை. அதில் குற்றம் அன்னப்பூரணி மேல்தான். கிரான்குளத்தில் எந்தப் பெண்ணிடம் எருவறட்டியைக் கொடுத்தாலும் உடைத்து உள்ளே விதை இருக்கிறதா என்று பார்ப்பாள். காத்தான்குடியிலும் அப்படித்தான் என்று நினைத்து, இவள் "வச்சிருங்க ராத்தா" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஆயிஷா உம்மாவுக்கு எருவறட்டி என்றால் நுளம்புக்குப் புகை. மஃரிப் தொழுகைக்கு முன்னம் பாதியை உடைத்துத் தணலில் போட்டிருக்கிறா. விதை பட்பட்டென்று வெடிக்கத் தொடங்கியதும் நீங்கள் இரண்டு பேரும் முற்றத்துக்கு ஓடியதை நீங்களே எங்களுக்கு நடித்துக் காட்டினீர்கள். அன்னப்பூரணிக்கு அன்று சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. சிரிப்பில் யாரும் மற்றப் பாதி எங்கே என்று கேட்கவில்லை. நிருபரும் கேட்கவில்லை.

போன மார்கழியில் ஷாகிரா காத்தான்குடியில் உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் பிடித்தா. குசினியின் மேல் தட்டில், பெரிய சருவச் சட்டிக்குப் பின்னால் ஒரு பால்மாத் தகரப் பேணி இருந்தது. அந்த வீட்டுக்குள் வந்த தண்ணீர் அந்தத் தட்டுக்கு எட்டவில்லை. பேணிக்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிய பாதி வறட்டி. பத்திரிகை எங்களுடையது. தேதி 2004 மே 16, ஞாயிறு. நாலாம் பக்கத்தில் வவுணதீவு நெல் அறுவடை பற்றி நான் எழுதியது இருக்கிறது. ஆகவே வறட்டியின் வயது பற்றிச் சந்தேகமில்லை. ஷாகிரா அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் நேரே இங்கே வந்தா. "மாமி, இது ஒங்கட சாமானா?" என்று கேட்டா. அன்னப்பூரணி வாங்கி முகர்ந்து பார்த்தாள். பிறகு சுளகை எடுத்து வந்து, அதன் மேல் வைத்து மெல்ல உடைத்தாள். 

உள்ளே நாற்பத்தொரு விதை. மாரி பிந்தியதால் பெப்ரவரி பதினேழாம் திகதிதான் நட்டோம். மிச்சம் மேலே எழுதியிருக்கிறேன்.

பழம் பிடுங்குவது, கட்டுவது எல்லாம் அன்னப்பூரணியின் பொறுப்பு. நான் பார்த்து எழுதுபவன் மட்டுமே. பச்சை வரி மங்கி மஞ்சள் ஏறத் தொடங்கியதும் அவள் காலையிலும் மாலையிலும் போய்க் காம்படியில் மூக்கை வைத்துப் பார்க்கிறாள். தட்டிப் பார்ப்பதில்லை. தட்டிப் பார்ப்பவன் சந்தைக்காரன் என்று சொல்கிறாள் (இது உங்களுக்கு). காம்பைச் சுற்றித் தலைமயிர் போல ஒரு கீறல் விழுந்த அன்றே வாழைச்சருகை இரண்டு மடிப்பாகச் சுற்றி, நாரால் மூன்று இடத்தில் கட்டிவிடுகிறாள். இறுக்கிக் கட்டினால் புழுங்கும், தளர்த்தினால் சிதறும், நடுவில் ஒரு விரல் போக வேண்டும். கட்டிய பிறகு சிலதைக் கொடியிலேயே விடுகிறாள். பிடுங்கியதைக் குசினி மூலையில் ஈரமில்லாத மணல் பரப்பி, ஒன்றோடு ஒன்று முட்டாமல் படுக்க வைக்கிறாள். ஒன்றின் மேல் ஒன்று அடுக்கக் கூடாது. நீங்கள் லொறியில் வைக்கோல் பரப்பி, ஒரே அடுக்காக ஏற்றியது இவளிடம் பேச்சு வாங்கிய பிறகுதான் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். கொழும்பில் நீங்கள் அதைக் காத்தான்குடிப் பழம் என்று சொல்லி விற்றதையும் மறக்கவில்லை. கிரான்குளத்துப் பழத்துக்குக் காத்தான்குடியில் பேர் வைத்த மனிசன் என்று நேற்றும் அக்ரமிடம் முறைப்பாடு செய்தாள். அவர், மாமாவிடம் சொல்கிறேன் என்று பவ்வியமாகத் தலையாட்டினார்.

அக்ரமுக்கு ஒரு சந்தேகம். இங்கே எல்லோரும் பழம் சிரிக்கும், சிரிக்கும் என்று சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்டார். ஷாகிராவுக்கே முழுக் கதை தெரியாது. ஆகவே 1998 மே மாதம் நடந்ததைச் சொன்னேன். கொழும்புக்குப் போகும் வழியில் உங்கள் லொறியைச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். என்ன ஏற்றியிருக்கிறது என்று கேட்டார்கள். நீங்கள் வெள்ளரி என்றீர்கள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டார்கள். அந்தப் படைவீரருக்கு எட்டுப் பத்துத் தமிழ்ச் சொல்தான் தெரியும். நீங்கள் சரியாக அதில் ஒன்றைத் தேடி எடுத்துச் சொன்னீர்கள்: "பின்னேரம் வெடிச்சிடும் சேர்."

முந்நூற்றுப் பன்னிரண்டு பழத்தையும் ஒவ்வொன்றாக இறக்கித் தார் ரோட்டில் வரிசையாக அடுக்க வைத்தார்கள். படைவீரர்கள் எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். நண்பகல் வெயிலில் மூன்றாம் வரிசையில் ஒரு பழம் தானாகப் பிளந்தது. முதலில் வாசம்தான் போயிருக்கிறது அவர்களிடம். அதிகாரி எழும்பி வந்து குனிந்து பார்த்துவிட்டு, தேநீருக்கு வைத்திருந்த சீனியைக் கொண்டு வரச் சொன்னார். நீங்கள் அங்கிருந்து புறப்படும்போது பதினான்கு பழம் குறைவு. எண்ணிக்கை நீங்கள் சொன்னது. வீட்டுக்கு வந்து சொன்னதும் ஆயிஷா உம்மா தலையில் கை வைத்தா. இனிமேல் இந்த வீட்டில் பழம் வெடிக்காது, சிரிக்கும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டா. அன்றிலிருந்து நீங்கள் விடியத் தொலைபேசி எடுத்தால் கேட்பது, "மூர்த்தி, எத்தினை சிரிச்சிருக்கு?" என்பதுதான். அந்தக் காலத்தில் எங்கள் தொலைபேசியை யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார்களோ.

சண்டை முடிந்து ஒரு வருடமும் ஐந்து நாளும். இனி வெடித்தது என்றே சொல்லலாமே என்று அக்ரம் கேட்டார். அன்னப்பூரணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது ராத்தா வைத்த சொல்லாம்.

இப்போது நான் இக்கடிதத்தை எழுதும் காரணத்துக்கு வருகிறேன்.

2004 வைகாசியில் அன்னப்பூரணியிடம் இரண்டு வறட்டி இருந்தது. ஒன்றில் எங்கட விதை. மற்றதில் நீங்கள் பரீட்சைக்கென்று வெல்லாவெளியிலிருந்து கொண்டு வந்து கொடுத்த விதை. அந்தப் பழமும் இதே வரி, இதே நிறம், அதுவும் வெடிக்கும். தின்றால் மட்டும் வித்தியாசம் என்றீர்கள். ஆயிஷா உம்மாவிடம் எங்கட வறட்டியைத்தான் கொடுத்தேன் என்று அன்னப்பூரணி சத்தியம் செய்கிறாள். எப்படித் தெரியும் என்றேன். கை சொல்லும் என்றாள். கையை மேற்கோள் காட்டி நான் எப்படி எழுதுவது?

காலையில் பழத்தைப் பிளந்து சீனி போடாமல் ஒரு துண்டைத் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அதேதான் என்று சொல்லிவிட்டு அழுதாள், பிறகு சிரித்தாள். எருமைத் தயிரும் சீனியும் எடுத்துக்கொண்டு நல்லரத்தினம் வீட்டுக்கே ஒரு கோப்பை கொண்டு போய்க் கொடுத்தாள், ஆட்டை மன்னித்துவிட்டதாகவும் அறிவித்தாள். இவ்வளவு சந்தோஷப்படுகிற சாட்சியை வைத்து ஒரு செய்தியை உறுதி செய்ய முடியாது என்பது உங்களுக்கும் விளங்கும். எனக்கோ எல்லாப் பழமும் ஒன்றுதான். என் கண்ணைக் கட்டிப் பப்பாசியைத் தந்துவிட்டு வெள்ளரி என்று என்னைச் சொல்ல வைத்தவர் நீங்கள். ஷாகிரா எப்போதும் சீனி போட்டுத் தின்றவ, வெறும் ருசி தெரியாது என்கிறா. கடைசியில் நாக்கில் ஒரு துளி புளிப்பு வரும், அதுதான் அடையாளம் என்று அறிந்தவர்கள் மூன்று பேர். அன்னப்பூரணி ஒருத்தி. ஆயிஷா உம்மா இப்போது இல்லை. மற்றவர் நீங்கள்.

இது விளையாட்டு விசயமில்லை. ஊரில் இருபத்திரண்டு வீட்டுக்காரர் அடுத்த மாரி முடிய நடுவதற்கு விதை கேட்டிருக்கிறார்கள். அதற்கென்று அன்னப்பூரணி நாலு பூவை நூலால் கட்டி வைத்து, விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்துத் தன் கையாலேயே தொட்டுவிட்டாள், நல்லரத்தினம் வளவுக் கொம்பனிப் பூ கலந்துவிடக் கூடாது என்று. நாலும் காயாகி நிற்கிறது. விதை அந்த நாலிலிருந்துதான். பத்திரிகையில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். பிழையான விதையை இருபத்திரண்டு வளவில் நட்டுவிட்டால் எங்கே போய்த் திருத்துவது? நீங்கள் தின்று பார்த்துச் சொல்லாமல் ஒரு விதையும் வெளியே போகாது என்று நான் அறிவித்துவிட்டேன். அன்னப்பூரணி சண்டை பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அதில் எனக்குச் சந்தேகம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

அக்ரம் ஒரு பழத்தைப் பைக்குள் வைத்துக் கொண்டு வந்து தருவதாகச் சொன்னார். விமான நிலையத்தில் மறித்துக் கேட்டால் சிரிக்கும் என்று சொல்லுங்கள் என்று பகிடி விட்டேன். ஆனால் அன்னப்பூரணி மறுத்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பழத்த அனுப்பினா சாலிஹ் காக்கா அங்கயே இருந்து தின்டுட்டு, நல்லாரிக்கி எண்டு போன் எடுப்பார். பழம் போகாது. ஆள் வரட்டும்."

சாலிஹ், கடல் கொண்டுபோனவர்களின் காத்தான்குடிப் பட்டியலை நானும் நீங்களும் இருந்துதான் எழுதினோம். பெயர்களில் எழுத்துப் பிழை வரக் கூடாது என்று நீங்கள் இரண்டு தரம் வாசித்தீர்கள், ஆயிஷா உம்மாவின் பெயர் உட்பட. அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்குள் நீங்கள் போகவில்லை. ஐந்து வருடமாக நான் ஏன் என்று கேட்கவும் இல்லை. இன்றும் கேட்கவில்லை. ஆனால் உங்களுக்கென்று ஒரு செய்தி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டிருக்க எனக்கு உரிமை இல்லை.

வறட்டியைச் சுற்றியிருந்த தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. ஷாகிரா வாசித்துக் காட்டினா, நானும் வாசித்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொண்டேன். அது வருமாறு:

"இது எருவில்ல. பூரணிட வெள்ளரி விதை. எரிச்சிராதீங்க. மழ முடிய நடணும். அவருக்கும் சொல்லணும்."

உம்மா சொல்ல மறந்திருப்பா என்கிறா ஷாகிரா. சொல்ல நேரம் கிடைக்கவில்லை என்று நான் நினைக்கிறேன். எதுவாயினும், ஆறு வருடம் பிந்தி இப்போது உரியவரிடம் சேர்த்துவிட்டேன். தாளைக் கேட்டேன், ஷாகிரா தரவில்லை. பேணியில் போட்டு அதே தட்டில், அதே சட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறாவாம். அந்தப் பக்கம் மட்டும் இன்னும் வெள்ளையடிக்கவில்லை. வாப்பா வந்து எடுக்கட்டும், பிறகு அடிப்பம் என்று சொல்லியிருக்கிறா.

பயணம் பற்றி விசாரித்தேன். கொழும்பிலிருந்து வரும்போது பஸ்ஸை ஒரே ஒரு இடத்தில்தான் மறித்தார்கள், இறங்கச் சொல்லவும் இல்லை என்றார் அக்ரம். உங்கள் விடுமுறை பற்றியும் கேட்டேன். மாமா கேட்டால் கொடுப்பார்கள், கேட்கத்தான் இல்லை என்றார்.

உங்களுக்கு நல்ல சுகத்தையும் நீண்ட ஆயுளையும் அல்லாஹ் தரட்டும். அன்னப்பூரணி பிள்ளையாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்னும் முடிவாகாமல் இருப்பது அந்த நாலு காய்தான். அன்னப்பூரணியின் கணிப்பில் ஜூன் பன்னிரண்டாம் திகதி சனிக்கிழமைக்கும் பதினைந்தாம் திகதி செவ்வாய்க்கிழமைக்கும் இடையில் அவை சிரிக்கும். கட்டிப் படுக்க வைத்தால் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும், இரண்டு நாள் தாங்காது. மணல் பரப்பியாயிற்று. சீனி வைக்கவில்லை, உங்களுக்குத் தேவைப்படாது. நீங்கள் வருவது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. அதைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். அவருடைய பதிலைப் பதினைந்தாம் திகதி காலை வரை எதிர்பார்க்கிறோம்.

என்றும் உங்கள்,
மூர்த்தி

(சி. வினாயகமூர்த்தி)